பாஸ் மீனுக்கு முதல் செட்: ராட், ரீல், நரம்பு எப்படிப் பார்த்து வாங்குவது?

டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் பிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று எங்கே வீடு பார்த்தாலும் குடியிருப்புக்குள் ஒரு குளம் இருக்கும். நடுவில் நீரூற்று, சுற்றி நடைபாதை, நாலு வாத்து. அழகுக்கு வெட்டிய குளம் என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம். எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் அதிலிருந்து இரண்டு பவுண்டு பாஸ் மீனைத் தூக்கிக் காட்டியதும்தான் விஷயம் தெரியும். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, நல்ல ராட் ஒண்ணு சொல்லுங்களேன்."

அவசரக்காரர்களுக்குப் பதில் இதோ. ஏழடி நீளம், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் உள்ள ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கம்பு). 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் சக்கரம்). 8 பவுண்டு இழுப்பைத் தாங்கும் மோனோ நரம்பு, அதாவது நைலான் தூண்டில் இழை. இதை வாங்கினால் முதல் வருடத்தைத் தாராளமாக ஓட்டிவிடலாம். ஏன் இது, எப்போது இது போதாது என்று தெரிந்துகொண்டு வாங்க நினைப்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

ராட் என்பது முதலில் முடிவாக வேண்டிய சாமான் அல்ல. முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் எந்த லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) என்று சொல்லும். லூரின் எடையை வைத்து ராட், ராடை வைத்து ரீல். நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: தள்ளுபடியில் வந்த ராடை வாங்கிவிட்டு, அதற்கு என்ன வீசலாம் என்று பிறகு தேடுகிறோம்.

மீனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே சொல்லும் லார்ஜ்மவுத் (பெருவாய்) பாஸ் நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல, ஒளிந்திருந்து பாய்கிற மீன். தண்ணீரில் சாய்ந்த மரம், படகுத்துறைத் தூணின் நிழல், அல்லி இலைப் பரப்பு, பாசி முடிகிற விளிம்பு, இங்கெல்லாம் நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ரப்பர் என்று தெரிந்தால் அடுத்த நொடியே துப்பிவிடும். வாயில் நறுக்குகிற பல் கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். அதனால் கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் வழக்கமாகச் சேர்க்கிற கம்பி லீடர் (நரம்பின் முனையில் கட்டும் துண்டு) இங்கே தேவையில்லை. சேர்த்தால் லூரின் அசைவுதான் கெடும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்புக் குளங்களில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று பவுண்டு. ஐந்து பவுண்டு என்றால் படமெடுத்து ஊருக்கு அனுப்பலாம். உலக சாதனையே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது அது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே கூடுதல் என்பதால், இரண்டும் சமம் என்று பதிவாகியிருக்கிறது. டெக்சஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸை 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க் ஏரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்தார். அவர் அன்று போனதோ கிராப்பி என்கிற சின்ன மீனுக்கு!

உலகத்திலேயே பெரிய பாஸ் 22 பவுண்டு என்றால் கடையில் 65 பவுண்டு நரம்பு ஏன் தொங்குகிறது? அது மீனின் எடைக்காக அல்ல, மீன் நிற்கிற இடத்துக்காக. அல்லிக்கொடி நடுவே கடித்த மீன், கொடியில் சுற்றிக்கொண்டு மூன்று நான்கு பவுண்டு பாசியோடு வரும். நீரில் மூழ்கிய கிளையில் நரம்பு உரசும். திறந்த தண்ணீரில் அதே மீனை 8 பவுண்டு நரம்பில் நிதானமாகக் கொண்டுவந்துவிடலாம். இது ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் படி: எங்கே நின்று எதை வீசப்போகிறீர்கள்

பெரும்பாலோர் கரையில் நின்றுதான் தொடங்குவோம். படகு இல்லை, சோனார் இல்லை, வேலை முடிந்து வந்த பிறகு ஒரு மணி நேரம். அந்தச் சூழ்நிலைக்கு நாலு லூர் போதும். ஐந்து அங்குல சென்கோ வகை ரப்பர் புழு, அதன் நடுவில் தூண்டில் முள்ளைக் குத்தி எடையில்லாமல் வீசுவதற்கு. டெக்சஸ் ரிக் (முள்ளின் முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோப்பது) கட்ட ஒரு ரப்பர் புழு, கூடவே 3/16 அல்லது 1/4 அவுன்ஸ் தோட்டா வடிவ எடை. மீன் மந்தமாக இருக்கும் நாளுக்கு நெட் ரிக் (Ned rig), அதாவது தலையில் எடை உள்ள முள்ளில் கோத்த சின்ன ரப்பர் துண்டு. கலங்கிய தண்ணீருக்கு சுழலும் தகடு உள்ள 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் ஒன்று.

இந்த நாலின் எடையையும் பாருங்கள். எல்லாமே ஏறக்குறைய 1/8 அவுன்சுக்கும் 1/2 அவுன்சுக்கும் நடுவில் அடங்கிவிடும். உங்கள் ராட் எது என்று இதுவே சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: ராடின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே, தண்டின் மேல், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நீளம், பவர், ஆக்‌ஷன், நரம்பு இத்தனை பவுண்டு, லூர் இத்தனை அவுன்ஸ் என்று. பெட்டியில் போட்டிருக்கும் மீன் படத்தையும் "புரோ" என்ற சொல்லையும் விட்டுவிட்டு இந்த வரியைப் படியுங்கள். நமக்கு வேண்டிய ராடில் "7 அடி, மீடியம், ஃபாஸ்ட், நரம்பு 6–12 பவுண்டு, லூர் 1/8–5/8 அவுன்ஸ்" என்பதுபோல இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஒருவருடைய மீடியம் இன்னொருவருக்கு மீடியம் ஹெவி. ஆகவே பெயரைவிட லூர் எடையை நம்புங்கள்.

பவர் என்றால் ராடை வளைக்க எவ்வளவு பலம் தேவை என்பது. ஆக்‌ஷன் என்றால் அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம், கடைப் பையன்கள் உட்பட. ஃபாஸ்ட் ராட் நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் வளைந்து, அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். மீன் உறிஞ்சியது தெரிந்ததும் மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினால் முள் தாடையில் இறங்கிவிடும். ரப்பர் புழுவுக்குள் மறைந்திருக்கும் ஒற்றை முள்ளுக்கு இந்த விறைப்பு அவசியம். மாடரேட் ராட் நடுத்தண்டு வரை வளையும். மூன்று கவர் முள் தொங்குகிற கிராங்க்பெய்ட் என்ற லூரை வீசுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. அந்தச் சின்ன முட்களை வெடுக்கென்று இழுத்தால் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முதல் ராடுக்கு ஃபாஸ்ட் போதும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நீளம் ஏழடி. கரைக்குப் பின்னால் மரமும் புதருமாக இருந்தால் ஆறரை அடி வசதி. ஒரே தண்டா, இரண்டாகக் கழற்றுவதா என்று விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அபார்ட்மென்ட் மூன்றாம் மாடியில் குடியிருந்து கேம்ரி ஓட்டுகிறவருக்கு இரண்டு துண்டு ராடே மேல். இன்றைய ராடுகளில் இணைப்பு நன்றாகவே செய்கிறார்கள். இடையிடையே அது இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தண்டு வாங்கினால் மீனைவிடக் கார்க்கதவும் சீலிங் ஃபேனும்தான் அதற்குப் பெரிய எமன்.

கிராஃபைட் லேசானது, புழு கூழாங்கல்லில் உரசுவதுகூடக் கைக்குத் தெரியும், ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் முறியும். ஃபைபர்கிளாஸ் கனமானது, மந்தமானது, எளிதில் உடையாது. இரண்டையும் கலந்து செய்ததில் பேர் பெற்றது 1976இல் ஷேக்ஸ்பியர் கம்பெனி கொண்டுவந்த அக்லி ஸ்டிக். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்து, எல்லோரும் எடுத்துப் புழங்குகிற ராட் என்றால் அதை வாங்குங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நடுத்தர விலையில் கிராஃபைட் எடுங்கள். அந்த மெல்லிய தொடு உணர்வு கையில் இருந்தால்தான் புழு போட்டுப் பிடிப்பது வசப்படும்.

மூன்றாம் படி: ரீல்

மூன்று வகை உண்டு. பொத்தானை அழுத்தி விடுகிற ஸ்பின்கேஸ்ட், ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங், ராடின் மேல் உட்காருகிற பெய்ட்காஸ்டர்.

ஸ்பின்கேஸ்டை ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். ஜெப்கோ 33 என்கிற மாடல் 1954இலிருந்து விற்கிறது. அந்தக் கம்பெனியின் கதை சுவையானது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் வைத்து வெடிக்கும் குண்டு செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி' என்ற பெயர்தான் சுருங்கி ஜெப்கோ ஆனது.

பெரியவர்களுக்கு ஸ்பின்னிங். பழக ஒரு மாலை போதும், லேசான லூரும் தூரம் போகும், காற்றடித்தாலும் பெரிய சிக்கல் வராது. அளவு 2500 அல்லது 3000. சில கம்பெனிகள் இதையே 25, 30 என்று போடுவார்கள். 1000 இதற்குச் சிறியது, 4000 இந்த ராடில் பாரமாக உட்காரும். பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பத்து மட்டமான பேரிங்கைவிட நாலு நல்ல பேரிங் மேல். பார்க்க வேண்டியது டிராக்கை. ரீலின் முன்பக்கத் திருகுதான் டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், அளவாக வழுக்கிக்கொடுக்கிற பிரேக் அது. அதைப் பாதி இறுக்கி வைத்து, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தயங்கித் தயங்கி, துள்ளித் துள்ளிச் சுற்றினால் அந்த ரீலை அங்கேயே வைத்துவிடுங்கள். ஒட்டி நின்று சட்டென்று விடுகிற டிராக்கில்தான் நரம்பு அறும்.

கியர் ரேஷியோ 6:1 என்றால், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றும்போது நரம்பு ஸ்பூலில் ஆறு சுற்று ஏறும். ஸ்பின்னிங்கில் ஐந்துக்கு மேல் ஆறு பக்கம் எதுவானாலும் சரிதான், இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கைப்பிடி இடமா வலமா என்பதும் கவலையில்லை, ஸ்பின்னிங் ரீலில் மாற்றிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் மாற்ற முடியாது. அதை வாங்கும்போது வலக்கைப் பிடியா இடக்கைப் பிடியா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நான்காம் படி: நரம்பு

ராடுக்கு ஐந்து நாள் ஆராய்ச்சி செய்துவிட்டு, நரம்பைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குவதிலிருந்து எடுத்து வருகிறவர்கள் உண்டு. மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது நரம்பு மட்டும்தான். மூன்று வகையையும் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

மோனோ என்பது சாதாரண நைலான் நரம்பு. விலை மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் ரப்பர்போல நீளும். அந்த நீட்சி புதியவருக்கு நல்லது, அவசரப்பட்டு வேகமாக இழுத்தாலும் கொஞ்சம் மன்னிக்கும். தூரத்தில் கடிக்கிற மீன் அந்த நீட்சியால் தெரியாமல் போவதும் உண்டு. வெயிலில் கெட்டுப்போகும், ஸ்பூலில் கிடந்து சுருள் சுருளாக நினைவு வைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும்.

ஃபுளூரோகார்பன் பார்க்க மோனோவைப் போலவே இருக்கும், ஆனால் வேறு பொருள். ஒளியை அது வளைக்கிற அளவு தண்ணீருக்கு நைலானைவிட நெருக்கம் (தண்ணீர் 1.33, ஃபுளூரோ 1.42, நைலான் 1.53 அளவில்). அதனால் தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்கு எளிதில் படாது. கனமானது, மூழ்கும். கல்லிலும் மரத்திலும் உரசினாலும் தாங்கும். இதன் விறைப்புதான் தொல்லை: 10 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபுளூரோவை ஸ்பின்னிங் ரீலில் சுற்றினால், வீசும்போது சுருள் சுருளாகக் குதித்து வெளியே வரும். மேல்தண்ணீரில் மிதக்கும் லூருக்கும் இது ஆகாது, மூழ்குகிற நரம்பு லூரின் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

ப்ரெய்டு என்பது பாலிஎத்திலின் இழைகளைப் பின்னிச் செய்தது. நீளவே நீளாது, மிதக்கும், பருமனுக்கு மீறிய பலம். பெட்டியில் இரண்டு எண் போட்டிருப்பார்கள்: 30 பவுண்டு, மோனோ 8 பவுண்டு பருமன் என்று. அதாவது 8 பவுண்டு மோனோ அளவே பருமனுள்ள ப்ரெய்டு 30 பவுண்டு தாங்கும். இருபது கெஜத்துக்கு அப்பால் மீன் மூச்சுவிட்டாலும் விரலில் தெரியும் என்பார்கள், அதில் கொஞ்சம்தான் மிகை. தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது குறை. கல்லில் உரசினால் பொசுக்கென்று அறுந்துபோவது இன்னொரு குறை.

அதனால்தான் பலரும் ஸ்பூல் நிறைய ப்ரெய்டும் முனையில் கொஞ்சம் ஃபுளூரோவுமாக வைத்துக்கொள்கிறார்கள். என் ஓட்டும் அதற்கே: 15 பவுண்டு பச்சை ப்ரெய்டு, முனையில் 8 அல்லது 10 பவுண்டு ஃபுளூரோ லீடர். ஆனால் முதல் மாதமே அதில் இறங்க வேண்டாம். இரண்டு நரம்பையும் சேர்க்கிற டபுள் யூனி முடிச்சைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகுங்கள். அதுவரை 8 பவுண்டு மோனோ. லீடர் கட்டத் தொடங்கும்போது கைநீளம், அதாவது மூன்றடி வையுங்கள். நீளமாக வைத்தால் முடிச்சு வளையங்களுக்குள் புகுந்து ஒவ்வொரு வீச்சிலும் தட்டும்.

ஐந்தாம் படி: ரீலில் சுற்றுவது

நரம்பை ராடின் வளையங்களுக்குள் நுனியிலிருந்து கைப்பிடி வரை கோத்துக்கொண்டு, ஸ்பூலின் குறுக்கே வளைந்து நிற்கும் பெயில் கம்பியைத் திறந்துவிட்டு ஸ்பூலில் கட்டுங்கள். கம்பியைத் திறக்காமல் கட்டிவிட்டு, கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு ஏறவில்லையே என்று விழிக்காதவர் யாரும் இல்லை. புது நரம்புச் சுருளைப் பெயர் ஒட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி தரையில் போடுங்கள். இரண்டு விரலால் நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது சுற்றுச் சுற்றிவிட்டு, நரம்பைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முறுக்கிக்கொண்டு துள்ளினால் சுருளைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வழிய வழியச் சுற்றினால் வீசும்போது கொத்தாக வெளியே வரும், குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது.

ப்ரெய்டு என்றால் ஸ்பூலில் முதலில் பத்துப் பதினைந்து கெஜம் மோனோ சுற்றி, அதன் மேல் கட்டுங்கள். நேராகக் கட்டினால் உலோகத்தில் பிடிப்பில்லாமல் மொத்தக் கண்டும் வழுக்கிச் சுற்றும். டிராக் போய்விட்டது என்று நினைத்து ரீலைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

முடிச்சு ஒன்று மட்டும் இப்போது கற்றால் போதும்: பாலோமர். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணுக்குள் விடுங்கள். அந்த இரட்டை நரம்பில், முள் நடுவில் தொங்கும்படி, சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போடுங்கள். மடிப்பின் வளையத்தை விரித்து முள் முழுவதையும் அதற்குள் நுழையுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு முனையையும் சேர்த்து மெதுவாக இறுக்குங்கள். எச்சில் முக்கியம். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும், ஃபுளூரோவில் இது இன்னும் அதிகம்.

அடுத்து டிராக். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். 8 பவுண்டு நரம்பென்றால் இரண்டிலிருந்து இரண்டரை பவுண்டு. அளப்பதற்குத் தனிக் கருவி வாங்காதீர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நரம்பின் நுனியை அதில் கட்டி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் மீனை இழுப்பதுபோல ராடைத் தூக்குங்கள். தராசு இரண்டு பவுண்டைத் தாண்டும்போது டிராக் விடத் தொடங்குகிறதா என்று பாருங்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள்: டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு, ராட் வளைந்து கை வலிக்கும் வரை தூக்குங்கள். தராசு காட்டுகிற எண் நீங்கள் நினைத்ததில் பாதிகூட இருக்காது. 8 பவுண்டு நரம்பு போதுமா என்ற சந்தேகம் அத்தோடு தீரும். முடித்ததும் டிராக்கைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீசிய பிறகு பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட வேண்டாம். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலைச் சுற்றவும் வேண்டாம். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறுவதற்கு இவை இரண்டும்தான் பெரிய காரணம்.

கடையில்

வால்மார்ட், அகாடமி, பாஸ் புரோ ஷாப்ஸ் எங்கே போனாலும் ராடும் ரீலும் சேர்த்துக் கட்டிய காம்போ கிடைக்கும். ஐம்பது அறுபது டாலரில் நல்லதே இருக்கிறது. நூறு டாலர் கையில் இருந்தால் அறுபதைக் காம்போவுக்கும், பத்தை நரம்புக்கும், மீதியை லூர், முள், ஊசிமூக்கு இடுக்கிக்கும் ஒதுக்குங்கள். மீன் விழுங்கிய முள்ளைக் கழற்ற அந்த இடுக்கி கட்டாயம் வேண்டும். காம்போவில் ஏற்கெனவே சுற்றி வருகிற நரம்பு எத்தனை நாள் கிடங்கில் கிடந்ததோ, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதே நல்லது.

ராடைக் கையில் எடுத்ததும் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்க்காதீர்கள், கிராஃபைட் முறிவது அப்படித்தான். ரீலோடு சேர்த்து ரீல் பிடிக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். நுனி தொபுக்கென்று கீழே சாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். பஞ்சு எங்காவது மாட்டி இழைவிட்டால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, நரம்பை அது அறுத்துவிடும். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

லைசென்ஸ்

டெக்சஸில் 17 வயது முதல் பொது நீர்நிலையில் மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும். நன்னீருக்கு மாநிலவாசிகளுக்கு 30 டாலர், வெளியாருக்கு 58. மாநிலத்துக்கு வந்து தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனால்தான் மாநிலவாசி கணக்கு. புதிதாக வேலைக்கு வந்து இறங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் தொட்டுப் பார்க்க ஒரு வழியும் உண்டு: மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. குடியிருப்புக் குளமென்றால் அசோசியேஷன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றிருக்கும். பையில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். மாநிலப் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக்கூடாது, நாளுக்கு ஐந்துக்கு மேலும் கூடாது. ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீனைத் தண்ணீரிலேயே விட்டாக வேண்டும்.

இரண்டாவது செட் எப்போது

முதல் செட்டால் செய்ய முடியாத ஒன்று வந்த பிறகு. பாசிக்குள் வீச ஆசை வரும், அரை அவுன்சுக்கு மேல் கனமான லூர் கையில் சேரும், பிடித்த மீன் கொடியில் சுற்றித் தப்பிப் போகும். அப்போது பெய்ட்காஸ்டர் வாங்குங்கள்: ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், கியர் ஏழுக்கு ஒன்று பக்கத்தில். இந்த ரீலில் நரம்பு ஓடும்போது ஸ்பூலும் சேர்ந்து சுழல்வதுதான் விசேஷமும் வம்பும். லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு கூடுபோலச் சிக்கிக்கொள்ளும்.

பழக வழி இது. அரை அவுன்ஸ் எடையைக் கட்டி, ராடைச் சற்று உயர்த்திப் பிடித்து, கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். கைப்பிடிப் பக்கத்துச் சின்னத் திருகை, எடை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு இறுக்குங்கள். பக்கவாட்டு பிரேக்கைப் பத்தில் எட்டில் வையுங்கள். வீசும்போது கட்டைவிரலை ஸ்பூலின் மேல் உரசியும் உரசாமலும் வைத்திருந்து, லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்திவிடுங்கள். கை பழகப் பழக பிரேக்கைக் குறைத்துக்கொண்டே வரலாம். பழகும் காலத்தில் 12 அல்லது 14 பவுண்டு மோனோ போதும், சிக்கினாலும் அறுத்து எறிய மனசு வலிக்காது. சிக்கல் விழுந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு நரம்பை இழுங்கள். பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

கை பழகிய பிறகு டெக்சஸ் ரிக்குக்கு 15 பவுண்டு ஃபுளூரோ ஏற்றுங்கள். அல்லி இலை மேல் ரப்பர் தவளை இழுக்கப்போகிறீர்கள் என்றால் 50 அல்லது 65 பவுண்டு ப்ரெய்டு, அதற்கேற்ற ஹெவி ராட், லீடர் வேண்டாம். அங்கே மீனுக்கு நரம்பைப் பார்க்க நேரமில்லை, உங்களுக்கும் அதைக் கொஞ்சிக் கொஞ்சி இழுக்க நேரமில்லை. இரண்டு செட் ஆனதும் நிறுத்திக்கொள்ளலாம். நகரப் பூங்காக்களில் உள்ள சமூக மீன்பிடி ஏரிகளில் ஒருவருக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் அனுமதியும் இல்லை.

பராமரிப்பு

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி இரண்டடி நரம்பை நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு மேலே அறுத்துவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். பெரிய மீன் தப்புவது பெரும்பாலும் இந்த இரண்டடியில்தான். வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவையுங்கள், ராடை வெயில் காயும் கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். கழித்த மோனோவையும் ஃபுளூரோவையும் கரையில் போடாதீர்கள், வாத்துக் காலிலும் ஆமைக் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். பல ஏரிக்கரைகளில் படகுத்துறைப் பக்கம் வளைந்த வெள்ளைக் குழாய் ஒன்று கம்பத்தில் நிற்கும், பழைய நரம்புக்கென்றே வைத்தது. அது இல்லாத இடத்தில் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு வந்து, பொடிப்பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.